என் பாவாடையில் வந்த தேசாதிபதி

எங்கள் குடும்பத்தில் ஒரு தேசாதிபதி இருந்தார். வெள்ளைக்காரர். இலங்கையை ஆண்டவர். செத்து நூறு வருடத்துக்கு மேல் ஆகியிருக்கும். ஆனாலும் யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்கிற மாதிரி, எங்கள் வீட்டில் அவருடைய விலை குறையவேயில்லை. அவருடைய பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. எங்கள் வீட்டில் அது ஒலித்தது போதும்.

விடயம் ஒரு கடிதம்தான். எங்கள் பூட்டனார் அந்தக் காலத்தில் உடையார், வெள்ளைக்காரர் ஊருக்கு வைத்த தலைவர். தேசாதிபதி அவரைப் பாராட்டி அனுப்பிய ஆங்கிலக் கடிதம் அது. மேலே முத்திரை, கீழே வால் வைத்த கையெழுத்து, நடுவில் கோழி கிளறியது போல எழுத்து. 'மாட்சிமை தங்கிய தேசாதிபதி' என்ற முதல் வரியையும் பூட்டனாரின் பெயரையும் தவிர மிச்சத்தை எங்களில் ஒருவரும் வாசித்ததில்லை. வாசிக்க வேண்டிய தேவையும் இருக்கவில்லை. கலியாணப் பேச்சென்றால் அந்தக் கடிதம் பெட்டியிலிருந்து வெளியே வரும். காணித் தகராறென்றாலும் வெளியே வரும்.

பள்ளிக்கூடத்திலும் இந்தத் தேசாதிபதிகள் என்னை விடவில்லை. வரிசையாக மனப்பாடம் செய்ய வேண்டும். ஒருவர் ரயில் விட்டார், ஒருவர் குளம் திருத்தினார், ஒருவர் தெருப் போட்டார். தெருவை யார் போட்டது என்று சோதனையில் கேட்டால் தேசாதிபதியின் பெயரை எழுதினால்தான் புள்ளி. அந்த மனிதர் வாழ்நாளில் ஒரு மண்வெட்டியைத் தொட்டிருப்பாரா? இப்போது கேட்கிறேன். அப்போது எழுதினேன், முழுப் புள்ளியும் வாங்கினேன்.

எண்பதுகளின் கடைசியில் நான் ஜெர்மனிக்குப் புறப்பட்டேன். அண்ணன் எனக்கு முன்பே வந்துவிட்டார். புறப்படுவதற்கு முந்தின மாதம் அவரிடமிருந்து வந்த கடிதத்தில் வழிச்செலவு பற்றி இரண்டு வரி, தேசாதிபதியின் கடிதத்தைப் பத்திரமாகக் கொண்டுவருவது பற்றி ஒரு பக்கம். பிளாஸ்டிக் உறையில் போட்டு என் உட்பாவாடையின் மடிப்புக்குள் வைத்துத் தைப்பது என்று அம்மா முடிவு செய்தார். என்னிடம் உயர்தரப் பரீட்சைச் சான்றிதழும் ஆசிரியப் பயிற்சிக்குத் தெரிவான கடிதமும் இருந்தன. அவற்றையும் சேர்த்துத் தைக்கச் சொன்னேன்.

"ஏலாது பிள்ளை. ரெண்டு மூண்டு தாள் வைச்சால் நடக்கேக்கை சரசரக்கும். பிடிபட்டுப் போவாய்," என்றார் அம்மா. "உன்ரையைப் பிறகு தபாலிலை அனுப்பலாம்."

தேசாதிபதி என் இடுப்போடு ஒட்டிக்கொண்டு கொழும்பிலிருந்து மொஸ்கோவுக்கும், அங்கிருந்து கிழக்கு பேர்லினுக்கும், அங்கிருந்து ரயிலேறி மேற்குக்கும் வந்தார். என் சான்றிதழ்கள் தபாலேறாமல் ஊரில் பெட்டகத்தில் கிடந்தன. அடுத்த ஆண்டு ஷெல் விழுந்து வீடு எரிந்தபோது அவையும் எரிந்தன. அதன் பிறகு இந்த நாட்டில் நான் எந்தக் கந்தோருக்குப் போய் ஆசிரியப் பயிற்சிக்குத் தெரிவானவள் என்று சொன்னாலும், "தாள் எங்கே?" என்றுதான் கேட்டார்கள். தாள் இல்லை. வுப்பர்டால் நகரில் ஒரு தொழிற்சாலைக் கன்டீனில் கிழங்கு உரிக்கச் சேர்ந்தேன்.

அகதி விண்ணப்பத்தோடு அந்தக் கடிதத்தையும் கொடு என்றார் அண்ணன். "நாங்கள் ஆரெண்டு அவைக்கு விளங்கட்டும்." கொடுப்பதென்றால் ஜெர்மன் மொழிபெயர்ப்பு வேண்டும். வயதான ஒரு ஜெர்மன் பெண்மணி கண்ணாடிக்கு மேல் பூதக்கண்ணாடியும் வைத்துக்கொண்டு அந்தக் கோழிக் கிளறலை மொழிபெயர்த்தார். முடித்துத் தரும்போது என்னை ஒரு மாதிரியாகப் பார்த்து ஏதோ கேட்டார். எனக்கு மொழி விளங்கவில்லை. ஓம் ஓம் என்று தலையாட்டிவிட்டு வந்தேன். பிரதிகளை விண்ணப்பத்தோடு கொடுத்த பிறகு கடிதத்தை அண்ணன் வாங்கி ஹம் நகரில் தன் வீட்டு மண்டபத்தில் சட்டம் போட்டு மாட்டினார். மொழிபெயர்ப்பை அவர் வாசிக்கவில்லை, அது என் ஒர்ட்னரில் கிடந்தது. ஒர்ட்னர் இல்லாமல் இந்த நாட்டில் மனிதர் இல்லை. பிறப்பு, வாடகை, சம்பளம் எல்லாவற்றையும் துளை போட்டு அடுக்கி வைக்கிற தடித்த கோப்பு அது.

நான் வேலை செய்த தொழிற்சாலையின் வாசலில் ஒரு பித்தளைப் பலகை உண்டு. போர்க்காலத்தில் அங்கே கட்டாயமாக வேலை வாங்கப்பட்டவர்களின் நினைவுக்கு வைத்தது. அதிலிருந்த நீளமான சொல் ஸ்வாங்ஸ்ஆர்பைட். ஒருநாள் என்னோடு வேலை செய்த ஜெர்மன்காரியிடம் அர்த்தம் கேட்டேன். அவள் கையிலிருந்த கத்தியை வைத்துவிட்டு, ஆட்களைப் பிடித்துவந்து, மாட்டேன் என்று சொல்ல விடாமல் வாங்குகிற வேலை என்றாள். சொல்லும்போது அவளுக்கு முகம் சிவந்தது.

சில வருடங்கள் கழித்துக் குடியுரிமைக்குத் தாள் தேடியபோது அந்த மொழிபெயர்ப்பு கையில் வந்தது. இப்போது எனக்கு ஜெர்மன் வாசிக்கத் தெரியும். வாசித்தேன். மூன்றாவது வரியில் அதே சொல் இருந்தது.

தெருவேலைக்கு வர மறுத்து ஒளித்த, எங்கள் ஊருக்குள்ளேயே இருந்த இரண்டு குறிச்சி ஆட்களை, பொலிஸ் உதவி கேட்காமல் தன் சொந்த ஆட்களைக் கொண்டே இழுத்துவந்து, மழைக்கு முன் தெருவை முடித்துக் கொடுத்த உடையாருக்குத் தேசாதிபதி தமது திருப்தியைத் தெரிவிக்கிறார். இவ்வளவுதான் கடிதம். ஆங்கிலத்தில் கட்டாய வேலைக்கு நெய் தடவிய ஒரு சொல் இருந்திருக்கும். அந்த ஜெர்மன் பெண்மணி நெய்யைத் துடைத்துவிட்டு எழுதியிருந்தார்.

எனக்கு வெட்கமாக இருந்தது. இதையா இடுப்பில் கட்டிக்கொண்டு வந்தேன்? இதற்காகவா என் சான்றிதழ் எரிந்தது? அப்போதே அண்ணனிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. இங்கே வந்து கட்டிய புருஷன் இறந்து சிறு பிள்ளையோடு நின்ற நேரம், அண்ணனை விட்டால் எனக்கு ஆருமில்லை. மொழிபெயர்ப்பைத் திரும்ப ஒர்ட்னரில் வைத்து மூடினேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவள் நான்தான். இதில் எனக்கு மன்னிப்புக் கிடையாது.

பிள்ளை வளர்ந்தாள். பல் ஆய்வுகூடத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். போன வருடம் ஒரு பொடியனைக் கட்டப்போகிறேன் என்றாள். நல்ல பொடியன். தகப்பன் வுப்பர்டாலில் பஸ் ஓட்டுகிறார், தாய் முதியோர் இல்லத்தில் வேலை. ஊரும் எங்கள் ஊர்தான், குறிச்சிதான் வேறு. எந்தச் சாதி என்று எழுதமாட்டேன். எழுதினால் வாசிக்கிறவர்களில் பாதிப்பேர் உடனே தராசைத் தூக்குவார்கள்.

அண்ணன் தராசைத் தூக்கினார். "அவை ஆரெண்டு தெரியுமோ உனக்கு?"

"தெரியும் அண்ணை. பஸ் ஓட்டுறார்."

"பகிடி விடாதை. நீ தனிச்ச பொம்பிளை. நானும் மச்சாளும் சோடியா இருந்துதான் பிள்ளையைத் தாரை வார்க்க வேணும். அது நினைவிருக்கட்டும். முதலிலை அவை இஞ்சை வரட்டும். என்ரை வீட்டிலை வைச்சுக் கதைப்பம்."

இதுதான் அவருடைய பிடி. விதவை மணவறையில் இருந்து மகளின் கையைப் பிடித்துக் கொடுப்பதில்லை என்பது எங்கள் ஆட்களின் வழக்கம். அண்ணனும் அவர் மனைவியும் வராவிட்டால் என் பிள்ளையை யார் கொடுப்பது? மகளுக்கும் மாமாவில் உயிர். அவளுக்குச் சைக்கிள் ஓட்டப் பழக்கியவர் அவர்தான். சரி, போவோம் என்றேன். போகும்போது ஒர்ட்னரிலிருந்து அந்த மொழிபெயர்ப்பை எடுத்துக் கைப்பைக்குள் வைத்தேன். ஏன் வைத்தேன் என்று அப்போது கேட்டிருந்தால் எனக்கே சொல்லத் தெரிந்திராது.

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி என்றால் சரியாக மூன்று மணிக்கு மணி அடித்தார்கள். பஸ் ஓட்டுகிறவர் அல்லவா. தகப்பன், தாய், பொடியன். கையில் கேக் பெட்டி. அண்ணன் அவர்களைத் தேசாதிபதியின் கடிதத்துக்கு நேர் எதிரே இருத்தினார். கோடையில் பக்கத்து ஊன்ட்றொப் அம்மன் கோயில் தேருக்கு வருகிற விருந்தாளிகளையும் அந்தக் கதிரைகளில்தான் இருத்துவார்.

"உது எங்கடை பூட்டனாருக்குத் தேசாதிபதி தன்ரை கையாலை எழுதினது," என்றார். "அந்தக் காலத்திலை ஊரே எங்கடை வளவுக்கு வந்துதான் நிக்கும். உங்கடை ஆக்களும் வந்து நிண்டிருப்பினம்."

"ஓம் அண்ணை, நிண்டிருப்பினம்," என்றார் பொடியனின் தகப்பன். குரலில் கோபம் இல்லை. கைகளை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். பொடியனின் காது சிவந்தது. என் மகள் நிலத்தைப் பார்த்தாள்.

மச்சாள் தேத்தண்ணி கொண்டுவந்தார். எனக்கும் மகளுக்கும் அண்ணனுக்கும் பூப்போட்ட பீங்கான் கோப்பை. அவர்கள் மூவருக்கும் பேப்பர் கப்.

"கழுவிற வேலை மிச்சம்தானே," என்றார் மச்சாள்.

ஊரில் குடிக்க எங்களுக்குப் பித்தளை மூக்குப்பேணியும் அவர்களுக்குத் தேங்காய்ச் சிரட்டையும் இருந்தன. ஐயாயிரம் மைல் தாண்டி, சுவர் இருந்த நகரத்தைத் தாண்டி, அந்தச் சிரட்டை பேப்பர் கப்பாக வந்து நிற்கிறது. பொடியனின் தாய் கப்பை வாங்கினார். சூட்டில் விரலை மாற்றி மாற்றிப் பிடித்தார். அந்த விரல்களைப் பார்த்தேன். எழுந்து போய் அவர் கையிலிருந்த கப்பை வாங்கி, என் கோப்பையைக் கொடுத்தேன்.

"என்ன செய்யிறாய்?" என்றார் அண்ணன்.

"தேத்தண்ணி குடிக்கிறன். அண்ணை, உந்தக் கடிதத்திலை என்ன எழுதியிருக்கெண்டு உங்களுக்குத் தெரியுமோ?"

"தெரியாமல் என்ன? பாராட்டு."

"எதுக்குப் பாராட்டு?"

அவருக்குத் தெரியாது. கைப்பையிலிருந்து தாளை எடுத்து, முதலில் ஜெர்மனில் வாசித்தேன், பிள்ளைகளுக்காக. அந்தச் சொல் வந்த இடத்தில் பொடியன் நிமிர்ந்து பார்த்தான். இங்கே பள்ளிக்கூடம் போன பிள்ளைகளுக்கு அந்தச் சொல் தெரியும். பிறகு தமிழில் சொன்னேன். எந்த இரண்டு குறிச்சி என்றும் சொன்னேன். அதில் ஒன்று, எதிரே இருந்தவர்களின் குறிச்சி.

பொடியனின் தகப்பன் என் பக்கம் திரும்பினார்.

"எங்கடை வீட்டிலையும் உந்தக் கதை இருக்கு, அக்கா. எங்கடை அப்புவின்ரை தகப்பனைக் கட்டி இழுத்துக்கொண்டு போனவையாம். கல்லு விழுந்து கால் போயிட்டுது. பிறகு அவர் நடக்கேல்லை." அவர் சுவரைப் பார்த்தார். "எங்களுக்கு ஒருத்தரும் கடிதம் தரேல்லை. ரோட்டு மட்டும் கிடக்கு."

நானும் அண்ணனும் அந்தத் தெருவில்தான் பள்ளிக்கூடம் போனோம்.

"நூறு வருசத்துக்கு முந்தின கதை. அதுக்கு நான் என்ன செய்ய ஏலும்?" என்று கத்தினார் அண்ணன்.

"அதுக்கு ஒண்டும் செய்ய வேண்டாம். இண்டைக்கு உந்தப் பேப்பர் கப்புக்குச் செய்யுங்கோ."

மச்சாள் குசினிக்குள் போய்விட்டார். நான் ஒரு நிமிடம் பார்த்தேன். அண்ணன் வாய் திறந்து ஒரு சொல் சொல்லியிருந்தால் நான் இருந்திருப்பேன். சொல்லவில்லை. கதிரையில் ஏறித் தேசாதிபதியைச் சுவரிலிருந்து கழற்றினேன்.

"அதை வை! அது குடும்பச் சொத்து!"

"சுமந்தது நான்," என்றேன்.

ரயிலில் மகள் அழுதாள். மாமா கலியாணத்துக்கு வரமாட்டாரா என்று கேட்டாள். வரமாட்டார் என்றேன், பொய் சொல்லவில்லை. மறுநாள் அண்ணன் போன் எடுத்தார். "நானும் மச்சாளும் வராட்டி ஆரைக் கொண்டு தாரை வார்ப்பாய், பாப்பம்."

"நான் வார்ப்பன்."

"விதவையோ?"

"தாய்."

ஐயரிடம் சொன்னபோது அவர் முதலில் இருமினார். வேறு சோடி ஆரும் கிடைக்காதோ என்றார். கிடைப்பினம் ஐயா, ஆனால் பெத்தது நான் என்றேன். யோசித்துச் சொல்வதாகச் சொன்னார். இரண்டு நாள் கழித்து அவரே கூப்பிட்டு, எத்தனை மணிக்கு மண்டபம் திறப்பார்கள் என்று கேட்டார்.

இந்தச் சித்திரையில் கலியாணம் நடந்தது. கூறைச்சேலை மாதிரிச் சிவப்பில் நானும் ஒரு சேலை கட்டினேன். மண்டபத்தில் குசுகுசுத்தவர்கள் குசுகுசுத்தார்கள், பிறகு சாப்பிட்டார்கள். மணவறையில் என் மகளின் கையைத் தூக்கி அந்தப் பொடியனின் கையில் வைத்தேன். ஐயர் தண்ணீர் வார்க்கச் சொன்னார், வார்த்தேன். எதிரே பொடியனின் தகப்பன் கண்ணைத் துடைத்தார். அண்ணனுக்கென்று முன்வரிசையில் மகள் விட்டுவைத்த இரண்டு கதிரைகளும் கடைசிவரை வெறுமையாகவே கிடந்தன. அதில் எனக்குக் கவலை இல்லை என்று சொன்னால் பொய்.

கலியாணம் முடிந்து இரண்டாம் கிழமை அண்ணன் போன் எடுத்தார். பிள்ளை எப்படி என்று கேட்கப்போகிறார் என்று நினைத்து வேலைக்குப் போட்ட சப்பாத்தோடு ஓடிவந்து எடுத்தேன். அவர் கேட்டது அதை அல்ல.

"அந்தக் கடிதத்தை அனுப்பு. சுவரிலை அந்த இடம் வெள்ளையாய்த் தெரியுது. வாறவை போறவை கேக்கினம்."

தேசாதிபதி இப்போது என் ஒர்ட்னரில் இருக்கிறார். பழைய வாடகை ஒப்பந்தத்துக்கும் எரிவாயுக் கடிதங்களுக்கும் நடுவில், துளை போட்டு, மொழிபெயர்ப்புக்குப் பின்னால்.

"அண்ணை," என்றேன், "அண்டைக்கு என்ரை பாவாடையிலை ஒரு தாளுக்குத்தான் இடம் இருந்தது. என்ரை சேட்டிபிக்கற்றைப் பிறகு எரிஞ்ச வீட்டிலை விட்டிட்டு உவரைக் கொண்டு வந்தனான். அது திரும்பி வரட்டும். வந்த அண்டைக்கே உங்கடை தேசாதிபதியை அனுப்பி வைக்கிறன்."