இடது பக்கத்து இருக்கை

இன்று காலை ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தபோது, அடுப்புக்கு மேலே மாடத்தில் வைத்திருந்த, துணி துவைக்கிற மஞ்சள் சவர்க்காரத் துண்டு நழுவிச் சூடான கல்லில் விழுந்துவிட்டது. தனியாக இருக்கிற ஆண்பிள்ளையின் குசினியில் சவர்க்காரத்துக்கும் மாவுக்கும் பக்கத்துப் பக்கத்து இடம்தான். என்னைத் திட்டுவதற்கு ஆள் இருந்த காலத்தில் இப்படியெல்லாம் நடக்காது. எடுப்பதற்குள் உருகி, பழுப்பாகி, கறுத்துப் போனது. ரொட்டி போனது போகட்டும், கடையில் பாண் வாங்கிக்கொள்ளலாம். அந்த வாசனையை விட்டுத்தான் நகர முடியவில்லை. கல்லைக்கூட இறக்கி வைக்காமல் நின்றேன்.

கருகிய சவர்க்காரம் என்றால் உங்களுக்கு ஒன்றும் தோன்றாது. எனக்கு அது ஒரு கார்.

அப்போது நான் பண்டாரவளையில் ஒரு கராஜில் டிங்கரிங் வேலை செய்தேன். அடிபட்டு வருகிற வேன்களின் தகரத்தைத் தட்டி நிமிர்த்துவது என் தொழில். கைவேலை தெரிந்தவனை இங்கே பாஸ் என்பார்கள், அந்தக் கணக்கில் நானும் ஒரு பாஸ். என் மனைவி ஸ்டெல்லா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போயிருந்தாள். இரண்டு வருஷத்தில் வந்துவிடுவேன் என்றுதான் போனாள். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அவள் போன பிறகு வீட்டில் பேசுகிற சாமான் ரேடியோ ஒன்றுதான்.

ஒருநாள் கொஸ்லந்தைப் பக்கமிருந்து ஒரு பெரியவர் கராஜுக்கு வந்தார். தோட்டத்து ஸ்டோரில், கொழுந்தைத் தேயிலைத் தூளாக்கும் வேலைக்குப் பொறுப்பாக இருந்து ஓய்வு பெற்ற டீமேக்கர். ஊரே அவரை டீமேக்கர் ஐயா என்றுதான் கூப்பிடும். தன்னிடம் ஒரு பழைய ரேஸ் கார் இருக்கிறது, இரண்டு பேர் உட்காருவது, வெள்ளைக்காரத் துரை ஒருவர் விட்டுப்போனது, அதற்கு உடம்பு கட்ட வேண்டும் என்றார். எங்கே அடிபட்டிருக்கிறது என்று கேட்டேன். அடிபடவில்லை, உடம்பே இல்லை என்றார்.

போய்ப் பார்த்தால் உண்மைதான். நான்கு சக்கரம், இரும்புச் சட்டம், எஞ்சின், ஸ்டியரிங். எஞ்சினை மட்டும் எப்படியோ ஓட வைத்திருந்தார். மற்றபடி உள் மரச்சட்டத்தைக் கறையான் தின்றிருந்தது. மேல் தகரத்தைச் சனங்கள் ஆளுக்குக் கொஞ்சமாகக் கொண்டுபோயிருந்தார்கள். முன் மட்கார்டு ஒன்று தொழிலாளர் குடியிருக்கிற லயத்தில் பன்றிக்குத் தீனித் தொட்டியாக இருந்ததை நானே பார்த்தேன். பன்றி அதை விட்டுக்கொடுக்கிற எண்ணத்தில் இல்லை. யாரையும் குறை சொல்ல மாட்டேன். துரை மறந்துவிட்டுப் போன தகரம் யாருக்காவது உதவினால் நல்லதுதானே.

அந்தக் காரின் படம் ஒன்றே ஒன்று இருந்தது, அதுவும் நேர் முன்னாலிருந்து எடுத்தது. பக்கவாட்டு எப்படி இருந்தது என்று யாருக்கும் தெரியாது. புத்தியுள்ள எவனும் ஆகாது என்று சொல்லிவிட்டு பஸ் ஏறியிருப்பான். நான் ஒத்துக்கொண்டேன். எனக்குக் கார் வேண்டியிருக்கவில்லை, சனி ஞாயிறைக் கழிக்க ஓர் இடம் வேண்டியிருந்தது.

கொழும்பிலிருந்து அலுமினியத் தகடு சுருட்டுச் சுருட்டாக ரயிலில் வந்தது. தேயிலைக்கு நிழலுக்கு நட்ட சவுக்கு மரத்தை அறுத்து உள் சட்டத்துக்கு எடுத்தோம். முதலில் தடித்த கம்பியை வளைத்து உருவம் பிடிக்க வேண்டும். கம்பிக்கு ஏற்ற மாதிரி மரம், மரத்துக்கு ஏற்ற மாதிரி தகடு. தோல் பையில் மணலை இறுக்கி நிரப்பி, அதன்மேல் தகட்டைப் போட்டு, கொய்யாக் கட்டையில் செய்த கொட்டாப்புளியால் அடித்து அடித்துக் குழி விழ வைப்பேன். அடிக்க அடிக்கத் தகடு விறைத்துக்கொள்ளும். அதற்குமேல் அடித்தால் வெடிக்கும். அப்போதுதான் சவர்க்காரம். தகடு முழுக்க அதைத் தேய்த்து, கேஸ் நெருப்பைக் காட்டினால், சவர்க்காரம் கறுக்கிற நேரத்தில் தகடு இளகிவிடும். கொஞ்சம் பிந்தினால் தகடே உருகி ஓட்டை விழும்.

எனக்குக் கண் கணக்கு. டீமேக்கர் ஐயாவுக்கு மூக்குக் கணக்கு. ஸ்டோரில் அரைத்த கொழுந்து எப்போது பதமாகிறது என்று வாழ்நாள் முழுக்க மோந்து பார்த்துச் சொன்ன மனுஷன். கண்ணை மூடிக்கொண்டு பக்கத்தில் நிற்பார். "போதும் பாஸ், எடுங்க" என்பார். நானும் அதே நேரத்தில் நெருப்பை எடுத்திருப்பேன். அதுவே எங்களுக்குள் ஒரு விளையாட்டாகிப் போனது. மற்றபடி இரண்டு பேரும் அதிகம் பேசிக்கொண்டதில்லை.

அவருடைய மனைவி ஸ்கூல் டீச்சராக இருந்தவர். நெடுநெடுவென்று உயரம், மெலிந்த உடம்பு. வேலை நடந்த கொட்டகைக்குள் அவர் கால் வைத்ததே இல்லை. இருக்கைகளுக்கு அளவு எடுக்க வேண்டிய நாளில் ஐயா ஒரு பழைய தேயிலைப் பெட்டியை வலது பக்கத்துச் சட்டத்தில் வைத்து ஏறி உட்கார்ந்தார். முழங்கை வருகிற இடம், தோள் வருகிற இடம், முதுகு சாய்கிற இடம் என்று வெள்ளைச் சாக்குக்கட்டியால் குறித்தேன். இடது பக்கத்துக்கு டீச்சரைக் கூப்பிட்டார். அந்தக் கூண்டில் ஏற மாட்டேன் என்று வாசலிலிருந்தே பதில் வந்தது. நீங்களே பார்த்து வளைங்க பாஸ் என்று ஐயா விட்டுவிட்டார்.

வளைத்தேன். அளவுப் பட்டி எடுத்ததாக ஞாபகமில்லை. கை போன போக்கில் கம்பி வளைந்தது.

வெள்ளிக்கிழமைகளில் குவைத்தில் லீவு, அன்றுதான் ஸ்டெல்லாவுக்குப் போன் கிடைக்கும். பண்டாரவளை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு கொமினிகேஷன் கடை இருந்தது. அதன் நீள மர வாங்கில் என்னை மாதிரி ஆண்கள் வரிசையாக உட்கார்ந்திருப்போம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க மாட்டோம். நம்பர் அடித்ததும் கடைக்காரர் பெயர் சொல்லுவார், எழுந்து போவோம். நான் அவளிடம் காரைப் பற்றித்தான் பேசுவேன், வேறு சங்கதி என்னிடம் ஏது. "ஊரான் காருக்கு ஒடம்பு கட்றது இருக்கட்டும், நம்ம கூரைக்கு ரெண்டு தகரம் அடிங்க" என்பாள். வந்து ஒருதரம் உட்கார்ந்து பார், பிறகு பேசு என்பேன். கார் முடிவதற்குள் வருவதாகச் சொன்னாள். அதனால் நான் வேலையை இழுத்தேன். ஒரு மட்கார்டை இரண்டு முறை கழற்றிப் புதிதாக அடித்தேன். பிறகு ஒரு வெள்ளிக்கிழமை, இன்னும் ஒரு வருஷம் இருந்துவிட்டு வருகிறேன் என்றாள். சரி என்று சொல்லிவிட்டு வாங்கில் வந்து உட்கார்ந்தேன். உங்கள் முறை முடிந்தது, எழும்பி இடம் விடுங்கள் என்று கடைக்காரர் சொல்லும்வரை உட்கார்ந்திருந்தேன்.

கடைசியில் கார் முடிந்தது. பச்சை நிறம், வெயில் பட்டால் பார்த்துக்கொண்டே இருக்கலாம் போலிருந்தது. பெயின்ட் காய்ந்த பிறகு டீச்சர் அம்மாவும் மனம் இளகி, நல்ல புடவை ஒன்றைக் கட்டிக்கொண்டு வந்தார். இடது பக்கம் ஏறினார். ஏறியவருக்கு உட்கார முடியவில்லை. முழங்கால் முன் பலகையில் முட்டியது. தோள் இரண்டும் கதவுக்கு மேலே துருத்திக்கொண்டு நின்றன. பக்கத்திலோ ஒரு பரங்கிக்காய் வைக்கிற அளவு இடம் சும்மா கிடந்தது. குட்டையாக, அகலமாக இருக்கிற ஒருத்திக்குச் செய்த இருக்கை அது. ஐயா தலையைச் சொறிந்தார். எனக்கு அப்போதும் விளங்கவில்லை, கணக்குப் பிசகிவிட்டது என்றுதான் நினைத்தேன், நம்புங்கள். டீச்சர் அம்மா இறங்காமல் அப்படியே என்னைப் பார்த்தார்.

"பாஸ், ஒங்க வீட்டுக்காரம்மா எப்ப வர்றாங்க?" என்றார்.

எனக்குக் காது மடல் சூடேறியது. ஸ்டெல்லாவின் தோள் சரியாக என் சட்டைப் பைக்கு வரும். ஆள் தாட்டியானவள். பூனாகலைக்கு அவளைப் பெண் கேட்கப் போனபோதே என் கூட்டாளிகள் கேலி செய்தார்கள். வெட்டித் திருத்தித் தருகிறேன், ஒரு மாதம் பொறுங்கள் என்று ஐயாவிடம் கெஞ்சினேன்.

டீச்சர் அம்மா கீழே இறங்கிப் புடவையைச் சரிசெய்தார். "வெட்டாதீங்க. அவங்க வந்து ஒக்காரட்டும், பொறவு பாத்துக்கலாம்" என்றார்.

அதற்குப் பிறகு ஐயா ஞாயிறு பூசைக்குத் தனியாகத்தான் அந்தக் காரில் போனார். டீச்சர் அம்மா பின்னால் ஆட்டோவில் வருவார். இடது பக்கத்தில் சில நாள் ஒரு கட்டு லீக்ஸ் இருக்கும், சில நாள் குடை இருக்கும். யாராவது ஏறிக்கொள்ளட்டுமா என்று கேட்டால், அது ஆள் பிடித்த இடம் என்பாராம்.

ஒரு வருஷம் மூன்றானது, நான்கானது. ஸ்டெல்லா வந்தாள். கட்டுநாயக்கா விமான நிலையத்தில் கதவு திறந்து ஆட்கள் வெளியே வந்தபோது, என்னைத் தாண்டிப் போக வந்த ஒரு பெண்ணுக்கு நான் வழி விட்டேன். அவள்தான் நின்று, பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். உடம்பில் பாதி இல்லை. கழுத்தெலும்பு தெரிந்தது. இடுப்பில் ஏதோ வலியாம், கொஞ்சம் சாய்ந்து நடந்தாள்.

ஐயா சாவியை என் கையில் கொடுத்துவிட்டார். கொஸ்லந்தையிலிருந்து பூனாகலை வரை நான் ஓட்டினேன். நான் வாழ்க்கையில் மிகவும் எதிர்பார்த்த நாள் அது என்று சொன்னால் சிரிக்காதீர்கள். மலையில் பனி இறங்கியிருந்தது, கொழுந்து எடுக்கிறவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். அவள் இருக்கையின் நடுவில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு பக்கமும் கை விடலாம். கதவுக்கும் அவளுக்கும் இடையே காற்று புகுந்து புடவையைத் தூக்கியது, முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். உயரம் மட்டும் சரியாக இருந்தது.

"யாருக்குங்க செஞ்சீங்க இத?"

"ஒனக்குத்தான்."

காலியான பக்கத்தைக் கையால் தடவிப் பார்த்தாள்.

"ஆளு நல்லா தாட்டியா இருந்திருப்பா போல" என்றாள்.

பஞ்சு வைத்து அடைத்துத் தருகிறேன் என்றேன். வேண்டாம், தின்று தேறிக்கொள்கிறேன் என்றாள். அப்படித்தான் நானும் நம்பினேன். காலையும் மாலையும் முட்டை அவித்துக் கொடுத்தேன், ஆட்டுக்கால் சூப்பு வைத்தேன். தேறவில்லை. இடுப்பு வலி என்று நினைத்தது வேறு வருத்தம், பெரிய நோய். பதுளை ஆஸ்பத்திரிக்குப் போவதும் வருவதுமாகக் கொஞ்ச காலம் ஓடியது, பிறகு போனவள் வரவில்லை. அந்தக் காரில் அவள் இரண்டாம் முறை ஏறவில்லை.

டீமேக்கர் ஐயாவும் போய்ச் சேர்ந்துவிட்டார். டீச்சர் அம்மா மகனோடு கனடாவில் இருக்கிறார். காரைக் கொழும்பில் யாரோ வாங்கியதாகக் கேள்விப்பட்டதோடு சரி. போன மாதம் பழைய கராஜ் கூட்டாளி ஒருவன் போனில் படம் அனுப்பியிருந்தான். பழைய கார்கள் ஊர்வலமாம். பச்சை நிறம் அப்படியே இருந்தது. இடது பக்கத்தில் உயரமான ஒரு பெண் கறுப்புக் கண்ணாடி போட்டு, கால் நீட்டி வசதியாக உட்கார்ந்திருந்தாள். இருக்கையைப் பின்னால் தள்ளி ஒடுக்கியிருந்தார்கள். கதவின் மேல் விளிம்பை வெட்டி உயர்த்தியிருந்தார்கள். செய்த பாஸ் கெட்டிக்காரன், படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தும் ஒட்டு எங்கே என்று தெரியவில்லை. அவர்கள் காசு கொடுத்து வாங்கிய கார், அவர்கள் அளவுக்கு மாற்றிக்கொண்டார்கள், அதில் தப்பில்லை. ஆனாலும் படத்தை மூடிவிட்டேன். குவைத்துக்குப் போவதற்கு முன்னிருந்த ஸ்டெல்லாவின் அளவு அந்தத் தகட்டில் மட்டும்தான் மிச்சம் இருந்தது.

கல் ஆறியதும் கருகியதைச் சுரண்டிப் போட்டுவிட்டுக் கழுவினேன். அப்புறம் சும்மா, ஒருமுறை கையை என் சட்டைப் பை உயரத்தில் நீட்டி, ஒருத்தியின் தோளில் வைக்கிற மாதிரி வைத்துப் பார்த்தேன். இந்த உயரம்தான் என்று நினைக்கிறேன். சரியா, தப்பா என்று சொல்ல வீட்டில் ஆளில்லை.