கிழக்கு பார்த்த இங்கிலாந்து

திருச்செங்கோட்டுக்கு ரயில் கிடையாது. ரயிலைப் பார்க்க வேண்டுமென்றால் சங்ககிரிக்கோ ஈரோட்டுக்கோ பஸ் ஏற வேண்டும். அப்படிப்பட்ட ஊரில் உட்கார்ந்துகொண்டு இங்கிலாந்துக்கு ரயில் விடுகிறேன் என்று என்னைக் கேலி பேசாத ஆள் எங்கள் பட்டறையில் இல்லை. ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் லாரிகளுக்குக் கம்ப்யூட்டரில் வரைபடம் போடுவது என் பிழைப்பு. ஞாயிற்றுக்கிழமை வந்தால் வீட்டுக் கம்ப்யூட்டரில் வேறு வேலை. எப்போதோ மூடிப்போன ஓர் ஆங்கிலேயக் கிளைப் பாதையை, ரயில் ஓட்டும் சிமுலேட்டருக்குள் ஸ்டேஷன் ஸ்டேஷனாகக் கட்டிக்கொண்டிருந்தேன். ஏன் இங்கிலாந்து என்றால், எனக்குக் கரி எஞ்சின் பைத்தியம். அவர்கள்தான் ஒவ்வொரு போல்ட்டையும் படம் எடுத்து வைத்திருக்கிறார்கள்.

இணையத்தில் நான் போட்ட படங்களைப் பார்த்துவிட்டு அங்கிருந்து ஒரு பெண்மணி எழுதினார். அவருடைய அப்பா அந்தப் பாதையில் எஞ்சினுக்குக் கரி அள்ளிப் போட்டவர். இப்போது அங்கே தண்டவாளம் இல்லை. நாயைக் கூட்டிக்கொண்டு நடக்கிறார்களாம். அப்பாவுக்குக் கண் மங்கிக்கொண்டே வருகிறது, முழுக்கப் போவதற்குள் ஒரு தடவை அந்த வழியில் போய்வர ஆசைப்படுகிறார், எப்போது முடிப்பீர்கள் என்று கேட்டிருந்தார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அதுவரை பொழுதுபோக்காக இருந்தது அன்றிலிருந்து கெடு வைத்த வேலையாகிவிட்டது.

கடைசி வளைவில் ஒரு சின்ன ஊர். பழைய வரைபடத்தில் வீடுகள் வெறும் கட்டங்களாக இருந்தன. எந்த வீட்டுக்கு எந்தப் பக்கம் வாசல் என்று அதில் இல்லை. நானும் அதை யோசிக்கவில்லை. கை அது பாட்டுக்கு வாசல்களை வைத்துக்கொண்டே போனது.

வேலையை முடித்து அனுப்பிவிட்டு ஒரு ஞாயிறன்று வீடியோவில் உட்கார்ந்தோம். இங்கே மத்தியானச் சாப்பாடு முடிந்த நேரம், அங்கே காலை. பெரியவர் பெரிய டிவி முன்னால், மூக்கு இடிக்கிற தூரத்தில் இருந்தார். அவர் சொல்லச் சொல்ல மகள் பட்டன்களை அழுத்தினார். மேட்டில் எஞ்சின் திணறியபோது, “கரியைப் பரப்பிப் போடு, குவிக்காதே” என்று மகளைத் திட்டினார். அவருக்கு வாயெல்லாம் பல். எனக்கும்தான்.

கடைசி வளைவு வந்தது. “மெதுவாகப் போ. அடுத்தது எங்கள் வீடு. நான் விசில் கொடுத்தால் அம்மா வாசலுக்கு வந்து கையாட்டுவாள்” என்றார்.

திரையில் வந்தது ஒரு மொட்டைச் செங்கல் சுவர்.

“வாசல் எங்கே?” என்று கேட்டார்.

“அந்தப் பக்கம் இருக்கிறது ஐயா. கிழக்கு பார்த்து” என்றேன்.

அவர் திரையை விட்டுக் கொஞ்சம் பின்னால் சாய்ந்தார். பிறகு, எஞ்சினை மிக நன்றாகச் செய்திருக்கிறீர்கள் என்றார். அந்த மரியாதைதான் எனக்குத் தாங்கவில்லை. மகள் நிலைமையைச் சமாளிக்க, “ஊரே எங்களிடம் கோபித்துக்கொண்டு திரும்பி நிற்கிறதே” என்று சிரித்தார்.

அழைப்பு முடிந்ததும் ஒவ்வொரு வீடாகப் பார்த்தேன். அத்தனை வாசலும் கிழக்கு அல்லது வடக்கு. தெற்கு பார்த்து ஒன்றுகூட இல்லை. தேவாலயத்தைக்கூட நான் விட்டுவைக்கவில்லை. வாஸ்துவாவது ஒன்றாவது என்று ஊரெல்லாம் பேசித் திரிகிறவன் நான். எங்கள் வீடு கட்டும்போது அதற்காக மாமனாரோடு மல்லுக்கு நின்றவன். பின்னால் நின்று பார்த்த என் மனைவிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

“ஏனுங்க, வெள்ளக்காரன் ஊருக்கும் நீங்களேதான் வாஸ்து பாத்துக் குடுத்தீங்களாக்கும்?”

அசடு வழிந்ததோடு சரி. மறுநாளே அந்தப் பெண்மணியிடம் கேட்டேன். பெரியவர் ஒவ்வொரு வாசலாக நினைவுபடுத்திச் சொல்ல, மகள் எழுதி அனுப்பினார். கறிக்கடைக்காரர் வீடு மேற்கு. தபால் ஆபீஸுக்கு மூலையில் வாசல். அவருடைய வீடு நேர் தெற்கு, தண்டவாளத்தைப் பார்த்து.

“தெக்கு வாசலா? அதானுங்க, பையன் ஊடு தங்காம ரயில்லயே திரிஞ்சிருக்காரு” என்றாள் மனைவி.

வீட்டைத் திருப்பி வைத்து, கதவுக்குப் பச்சை வர்ணமும் அடித்துவிட்டு, முடிந்தது என்று எழுந்தேன். அவள் விடவில்லை.

“வாசல வெச்சாப் போதுங்களா? அந்தம்மா வந்து நிக்க வேண்டாமுங்களா?”

சிமுலேட்டரில் இருப்பதெல்லாம் தொப்பி போட்ட பயணிகள்தான், அந்த அம்மாவின் படமும் நம்மிடம் இல்லை என்றேன். அவள் சமையலறைக்குப் போய் ஒரு துணியை எடுத்துக்கொண்டு எங்கள் வாசலில் போய் நின்றாள். கையைத் துடைத்தபடியே ஒரு கையைத் தூக்கி ஆட்டினாள். தெருவில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான் செல்போனில் எடுத்து, அந்த நிற்பை அப்படியே வைத்து ஒரு கவுன் போட்ட அம்மாவைச் செய்தேன்.

அடுத்த ஞாயிறு மறுபடியும் உட்கார்ந்தோம். வளைவு வருவதற்குள் பெரியவர் மகளை நகரச் சொன்னார். விசில் பட்டனைத் தானே தடவிக் கண்டுபிடித்து நீளமாக அழுத்தினார். பச்சைக் கதவு வந்தது. வாசலில் அம்மா கையாட்டினாள்.

“பிரேக் எது?” என்று கேட்டார்.

மகள் காட்டினார். வண்டி வீட்டுக்கு நேராக நின்றது. “அந்தக் காலத்தில் டிரைவர் ஒரு நாளும் இங்கே நிறுத்த மாட்டார். நேரம் போய்விடும்” என்றார். பிரேக்கிலிருந்து கையை எடுக்கவில்லை. திரையின் மூலையில், வண்டி தாமதம் என்று சிவப்பு எழுத்து மின்னிக்கொண்டே இருந்தது.

பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த மனைவி கையைத் துடைத்தபடி எட்டிப் பார்த்தாள்.

“இன்னுங் கெளம்பலீங்களா?”

“இல்ல.”

“நிக்கட்டும் உடுங்க” என்றாள்.