மைக்கில் சுற்றிய காஸ் துணி

இப்போது நினைத்தாலும் குமட்டுகிறது.

பல்கலைக்கழக வகுப்பில் கடைசி பெஞ்ச் எனக்கு. போனில் பாடத்தைப் பதிவு செய்தால் ஃபேன் சத்தம் மட்டும்தான் கேட்கும். அதனால் இராஜபாளையத்து செல்போன் கடையில் இருப்பதிலேயே விலை குறைந்த, வயர் இல்லாத காலர் மைக்கை வாங்கினேன். மூச்சுக்காற்று இரையாமல் தடுக்கும் பஞ்சு உறை அதில் இல்லை. பேண்டேஜ் கம்பெனியில் வேலை பார்க்கும் அம்மா, புது காஸ் துணியில் ஒரு துண்டை அதன் மேல் சுற்றிக் கட்டிக் கொடுத்தாள்.

பேராசிரியரிடம் மைக்கை நீட்டினேன்; சிரித்தபடியே சட்டையில் மாட்டிக்கொண்டார். வகுப்பு முடிந்ததும் அதைக் கழற்றாமல் அப்படியே வராந்தாவுக்குப் போய்விட்டார். நான் பையை எடுத்துக்கொண்டு பிறகு போய் வாங்கிக்கொண்டேன்; அதுவரை போனில் பதிவு ஓடிக்கொண்டுதான் இருந்தது.

மாலையில் வீட்டில் பதிவைப் போட்டேன். புரியாவிட்டாலும் அம்மாவும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டாள். பாடம் முடிந்த பிறகும் அவர் குரல் துல்லியமாக வந்தது.

"இதப் பாருங்க சார், புண்ணுல கட்டுற துணி. எவன் சீழத் தொடச்சதோ! இதுகளையெல்லாம் உள்ள விட்டா இப்படித்தான். கையக் கழுவிட்டு வாரேன், பொறவு டீ குடிப்போம்."

கூட யாரோ சிரித்தார்கள்.

பதிவை நிறுத்தினேன். அம்மா மெதுவாகச் சொன்னாள்:

"ஏட்டி, அது புதுத் துணிதான்னு சாருகிட்ட சொல்லிரு. கைய நல்லாக் கழுவிட்டுத்தான் கட்டுனேன்."

மறுநாள் அவர் அதே சிரிப்போடு மைக்குக்காகக் கையை நீட்டினார்.

"வேணாம் சார்" என்றேன்.

இப்போது கடைசி பெஞ்சில் போனை வைத்தே பதிவு செய்கிறேன். ஃபேன் சத்தம் எவ்வளவோ தேவலை.