லாசர் சொன்ன அர்த்தம்

சேந்தமங்கலத்தில் மனு எழுதிக்கொடுத்துப் பிழைத்தவர் லாசர். சாமியாராகப் போகிறேன் என்று குருமடத்தில் ஆறு வருஷம் படித்து, பாதியில் திரும்பியவர். அங்கே கற்ற லத்தீனை ஊரில் ஒருவரும் கேட்டதில்லை. அந்தக் குறை அவருக்கு உண்டு.

1958 மாசியில் தோட்டம் வைத்து வெள்ளாமை செய்யும் சென்னிமலை ஒரு கடிதத்தோடு வந்தார். அவர் தம்பி அர்த்தநாரி சேலத்தில் வக்கீல் குமாஸ்தா. இருவருக்கும் பொதுவான தோட்டத்துக் கிணற்றில் தன் பங்கைக் கேட்டு இங்கிலீஷில் டைப் அடித்து அனுப்பியிருந்தான். லாசர் வரிவரியாகத் தமிழில் சொன்னார். அண்ணன் நேரில் வராமல் பண்ணையாளை அனுப்பித் தன்னைக் கூப்பிட்டது 'இன்சல்ட்' என்று கடிதம் முடிந்தது.

"அந்த வார்த்தைக்கு என்னங்க அர்த்தம்?"

அவமானம் என்று சொல்லி நிறுத்தியிருக்கலாம். லாசருக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"லத்தீன்லேருந்து வந்ததுங்க. ஒருத்தன் மேல எகிறிக் குதிக்கறதுன்னுதான் மூலத்துல அர்த்தம். வார்த்தையால அடிக்கறதைச் சொன்னதெல்லாம் அப்புறந்தான்."

சென்னிமலை கத்துவார் என்று எதிர்பார்த்தார். அவரோ கடிதத்தை நாலாக மடித்தார்.

"நான் அவன் மேல குதிச்சனாமா? குதிக்காமயே பேரு வாங்கிப்போட்டேன் பாருங்க."

சிரித்துக்கொண்டே போனார். அந்தச் சிரிப்பு லாசருக்குப் பிடிக்கவில்லை.

மூன்றாம் நாள் மனசு கேட்காமல் சைக்கிளில் தோட்டத்துக்குப் போனார். சென்னிமலை கிணற்று மேட்டில் உட்கார்ந்து, உள்ளே ஒவ்வொரு கல்லாகப் போட்டுக்கொண்டிருந்தார். தண்ணீர் அடியில் கிடந்தது. பாதிக் கற்கள் பாறையில்தான் விழுந்தன.

"இப்பெல்லாம் யாரும் அப்படி நெனச்சு எழுதறதில்லீங்க. வெறும் அவமானந்தான்," என்றார் லாசர்.

"மொதல்ல இருந்த அர்த்தந்தானுங்க நெசம்," என்றார் சென்னிமலை திரும்பாமல். "ஞாயித்துக்கெழமை தம்பி வாரான். கெணத்தை அளக்கோணுமாம்."

லாசர் அன்றே அர்த்தநாரிக்குக் கார்டு போட்டார். தனியாக வரவேண்டாம் என்று இரண்டு முறை எழுதினார். அர்த்தநாரி தனியாகத்தான் வந்தான். பஸ்ஸை விட்டு இறங்கியவனை லாசர் வழியிலேயே மறித்தார்.

"என்னைத் தோள்ல தூக்கி வளத்தவருங்க," என்று சொல்லிவிட்டு நடந்தான்.

அளவு நாடாவோடு அவன் கிணற்றில் பாதிப் படி இறங்கியிருந்தபோது சென்னிமலை மேலிருந்து அவன்மேல் குதித்தார். இருவரும் பாறையில் விழுந்தார்கள். அண்ணனுக்குக் கை முறிந்தது. தம்பிக்கு இடுப்பு.

சேலம் ஆஸ்பத்திரியில் லாசர் நடந்ததை எல்லாம் அர்த்தநாரியிடம் ஒப்புக்கொண்டார்.

"தமிழ்ல எழுதியிருந்தா வந்து நாலு அறை உட்டிருப்பாரு. நான்தான் படிச்சவன்னு காட்டப்போனேன்," என்றான். பிறகு, "குதிக்கறப்ப என் பேரைச் சொல்லித்தான் கத்துனாருங்க."

கோர்ட்டில் லாசர் எதையும் மறைக்கவில்லை. சென்னிமலைக்கு நாலு வருஷம் கிடைத்தது. ஜெயிலிலிருந்து வரும் கடிதங்களை அவர் மனைவி பொன்னாத்தாளுக்கு லாசர்தான் படித்துக் காட்டுவார். வெள்ளாமை, மாடு என்று விசாரித்துவிட்டு ஒவ்வொன்றின் கடைசியிலும் ஒரே கேள்வி: தம்பி எழுந்து நடக்கிறானா?

"இன்னும் இல்லீன்னு எழுதுங்க," என்பாள் பொன்னாத்தாள். அது உண்மைதான். லாசர் ஒரு வார்த்தை கூட்டாமல் அப்படியே எழுதுவார்.