ட்ரோனுக்குக் கீழே நின்றது

எனக்குக் குடிப்பழக்கம் இல்லை. அன்று காய்ச்சல் இல்லை. தூக்க மாத்திரையை மார்ச் மாதமே நிறுத்திவிட்டேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் நடந்ததைக் கேட்ட எல்லோரும் இந்த மூன்றைத்தான் திருப்பித் திருப்பிக் கேட்டார்கள்.

நான் பார்த்ததை மட்டும் எழுதுகிறேன். நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு.

என் மனைவி சௌம்யா ஜனவரியில் இறந்துபோனாள். காய்ச்சல். ஆஸ்பத்திரியில் மூன்று நாள். அவ்வளவுதான். நாங்கள் முகப்பேரில் ஒரு ஃபிளாட்டில் இருந்தோம். இப்போது நான் மட்டும் இருக்கிறேன்.

அவள் பிறந்த வீடு சென்னீர்குப்பம். அவள் அம்மா ராஜகுமாரி, தம்பி டில்லிபாபு. என் மாமியார் அந்த ஜனவரியிலிருந்து என்னிடம் நேராகப் பேசுவதில்லை. ஒருநாள் முன்னதாக ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தால் பெண் பிழைத்திருப்பாள் என்பது அவர் கணக்கு. நான் எதிரில் உட்கார்ந்திருந்தாலும் டில்லியைப் பார்த்துத்தான் பேசுவார். "சாப்ட்டாரானு கேளுடா." அதில் அக்கறை இருக்காது. சீக்கிரம் சாப்பிட்டுக் கிளம்பட்டும் என்பதுதான் இருக்கும்.

ஆவணியில் டில்லிக்குக் கல்யாணம். அதற்கு முன்னால் சௌம்யாவை அழைக்க வேண்டும் என்றார்கள்.

எனக்குப் புரியவில்லை. நான் தேனிக்காரன். டில்லிதான் விளக்கினான். தாலியோடு இறந்துபோன பெண் அந்தக் குடும்பத்துக்குப் பூவாடைக்காரி. வீட்டில் நல்ல காரியம் நடப்பதற்கு முன்னால் ஏரிக்கரைக்குப் போய், செம்பில் தண்ணீர் மொண்டு வைத்து, அவளைக் கூப்பிட வேண்டும். செம்போடு அவளும் வீட்டுக்கு வருவாள். புதுப்புடவை வைத்துப் படையல் போட வேண்டும். அவள் வராமல் கல்யாணம் கிடையாது.

"ட்ரோன எத்துகினு வா மாமா. அக்காவ கூப்புடறத மேலேர்ந்து எடுக்கலாம். கல்யாண வீடியோல மொத ஷாட்டே அதான்."

சரி என்றேன். அந்த மாதங்களில் யார் எது கேட்டாலும் சரி என்றுதான் சொன்னேன்.

அந்தச் சின்ன ட்ரோன் எங்கள் இருவருடையது. நான் ஓட்டுவேன். சௌம்யா பிடிப்பாள். ரொம்பக் குள்ளம் அவள். நாலடி பத்தங்குலம். கல்யாணத்தன்று மணைமேல் ஏறி நின்றுதான் எனக்கு மாலை போட்டாள். ட்ரோன் இறங்கும்போது நெஞ்சுக்கு நேராக உள்ளங்கையை நீட்டிக்கொண்டு, முகத்தை ஒரு பக்கம் திருப்பிக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு நிற்பாள். கீழே கை இருப்பதைப் பார்த்து அது இறங்காமல் அப்படியே நிற்கும். நான் ரிமோட்டின் குச்சியைக் கீழே இழுத்துப் பிடித்தால்தான் மனதில்லாமல் உட்காரும்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. பட்டாபிராம் பக்கத்து உறவுக்காரர்கள், முத்தாபுதுப்பேட்டை அருகில் இருக்கும் குளத்துக்குப் போகலாம் என்றார்களாம். நான்தான் முடியாது என்றேன். அங்கே விமானப்படை இடம் இருக்கிறது. ட்ரோனை ஒரு சாண் தூக்கினாலும் போலீஸ் வந்துவிடும். அதனால் சென்னீர்குப்பத்துக்குப் பின்னால், மனை போட்டு விற்காமல் கிடக்கும் நிலத்தைத் தாண்டி இருக்கும் ஒரு பழைய ஏரி. டில்லியின் ஷேர் ஆட்டோவில் மூன்று பேரும் போனோம்.

கரையெல்லாம் முள், கல், பீர் பாட்டில் சில்லு. என் மாமியார் ஓரிடத்தை மட்டும் பெருக்கித் தண்ணீர் தெளித்துக் கோலம் போட்டார். ட்ரோனை வைக்கச் சமதரை தேடினேன். வேறு எங்கும் இல்லை.

"இங்க வையி மாமா. சுத்தமா கீது."

கோலத்தின் நடுவில் வைத்தான் டில்லி. புறப்பட்ட இடத்தைப் பதிவு செய்துகொண்டதாக ரிமோட்டில் ஒரு பெண்குரல் சொன்னது. ட்ரோன் மேலே போனது. அது கிளம்பிய அதே இடத்தில் என் மாமியார் செம்பை வைத்தார். அகல் ஏற்றினார். மல்லிகைச் சரத்தைச் செம்பில் சுற்றினார்.

மணி 6.10. பெங்களூர் ஹைவேயின் இரைச்சல் தூரத்தில் கேட்டுக்கொண்டிருந்தது.

அவர் கை கூப்பினார். "பூவாடக்காரி... ஊட்டுக்கு வா தாயே."

பெயர் சொல்லவில்லை. டில்லியிடம் மெதுவாகக் கேட்டேன். "பேர் சொல்லிக் கூப்பிடமாட்டாங்களா?"

"பேர் சொல்லக் கூடாது மாமா. எங்க ஊட்டு வழக்கம்."

"அப்புறம் யார் வர்றாங்கன்னு எப்படித் தெரியும்?"

என் மாமியார் காதில் விழுந்துவிட்டது. திரும்பாமலே சொன்னார். "டேய், எம் பொண்ணுக்கு எங்கொரலு தெரியும்னு சொல்லு அவருகிட்ட. கட்டிக்கினு போனவங்களுக்குத்தான் அவ நோவுல மொனகுனது கேக்கல."



இரண்டாவது முறை கூப்பிட்டார். மூன்றாவது முறை கூப்பிட்டார்.

ஹைவே இரைச்சல் நின்றுவிட்டது.

காற்று மாறியிருக்கும் என்று நினைத்தேன். பேட்டரி 24 சதவீதம். திரும்பி வரச் சொல்லும் பொத்தானை அழுத்தினேன்.

ட்ரோன் நேராக வந்தது. கோலத்துக்கு மேலே நின்றது. இறங்க ஆரம்பித்தது. பத்து மீட்டர்... ஐந்து... மூன்று...

நின்றுவிட்டது.

திரையில் உயரம் 2.3 மீட்டர். கீழே இடம் சரியில்லை என்று எச்சரிக்கை வந்தது.

செம்பைப் பார்த்துத் தயங்குகிறது என்று நினைத்தேன். ஆனால் செம்பு ஒரு சாண்தான். அதற்குப் போய் ஏழரை அடிக்கு மேல் ஏன் நிற்க வேண்டும்? குச்சியைக் கீழே இழுத்துப் பிடித்தேன். விர்ர்ரென்று சத்தம் மட்டும் கூடியது. இறங்கவில்லை.

"நான் எகிறிப் புடிக்கிறேன் மாமா."

"கை வைக்காத. விரல் போயிடும். ரெண்டு பேரும் ஆட்டோவுக்குப் பின்னால போங்க. அத்தை, முந்தானையால முகத்த மூடிக்கோங்க."

டில்லி நகர்ந்தான். என் மாமியார் நகரவில்லை.

"கொம்பால ஒரு தட்டு தட்டுனா உயுந்துடும்," என்றான் டில்லி.

"பிளேடு உடைஞ்சு கண்ணுல பாயும். போடா."

அடியில் கண் போல இரண்டு சென்சார் உண்டு. அதில் தூசி படிந்திருக்கலாம். இடம் மாற்றிப் பார்ப்பதுதான் முறை. அதற்குள் பேட்டரி 15.

அப்போதுதான் விளக்கைக் கவனித்தேன்.

ட்ரோன் நின்றால் கீழே காற்று அடிக்கும். புழுதி பறக்கும். கோலமாவு சுற்றிலும் பறந்துகொண்டிருந்தது. நடுவில் மட்டும் பறக்கவில்லை. அகல் சுடர் ஆடாமல் நின்றது. மல்லிகைச் சரம் அசையவில்லை. குடை பிடித்த மாதிரி...

யாரோ அந்தக் காற்றைத் தலையில் வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

திரையில் பார்த்தேன். கேமரா கீழே பார்த்துக்கொண்டிருந்தது. செம்பு. விளக்கு. கோலம். வேறு எதுவும் இல்லை.

ட்ரோனை இடப்பக்கம் நகர்த்தினேன். வெறும் தரை. இறங்க ஆரம்பித்தது. 2.1... 1.9... 1.6...

எனக்கு மூச்சு வந்தது.

பின்னால், கோலத்தில், விளக்கு அணைந்தது.

ட்ரோன் நின்றது. தானாக மேலே ஏறியது.

2.3.

வலப்பக்கம் திருப்பினேன். அதேதான். கொஞ்சம் இறங்கியது. பிறகு ஏறியது. 2.3. தண்ணீரை ஒட்டிக் கொண்டுபோனேன். கரைச்சேற்றில் 'சளக்' என்று ஒரு சத்தம். பிறகு 2.3.

ட்ரோன் போன இடத்துக்கெல்லாம் அது வந்தது.

பேட்டரி 9.

என் பக்கம் இழுத்தேன். பழக்கதோஷம். எப்போதும் கடைசியில் அப்படித்தான் செய்வேன். பாதி தூரம் வந்தபின்தான் என்ன செய்கிறேன் என்று உறைத்தது.

நான் இழுத்தது ட்ரோனை மட்டும் அல்ல.

மூன்றடி தூரத்தில் நின்றது. சேற்று வாடை. முகத்தில் குளிர்ச்சி. புழுதி அடிக்கவில்லை. எனக்கும் ட்ரோனுக்கும் நடுவே எதுவோ மறைத்தது. கண்ணுக்கு எதுவும் இல்லை.

"மாமா... அது ஏன் மாமா உன்னாண்ட வருது?"

இரண்டு குச்சிகளையும் உள்நோக்கி இழுத்தால் மோட்டார் அப்படியே நின்றுவிடும். ட்ரோன் பொத்தென்று விழும். வேறு வழியே இல்லாதபோது செய்வது. கட்டைவிரல்களை வைத்தேன்.

"இன்னா பண்றே?"

என் மாமியார். ஏழு மாதத்தில் முதல் தடவையாக என்னைப் பார்த்துக் கேட்டார்.

"மோட்டாரை நிறுத்தப்போறேன்."

"கீய யாரு கீறா?"

நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கேக்குறேன்ல. யாரு? அவளா?"

நெஞ்சுக்கு நேராக நீட்டிய ஒரு உள்ளங்கை ஞாபகம் வந்தது. ஒரு பக்கம் திருப்பிய முகம். இறங்க மறுக்கும் ட்ரோன். ஏழு மாதமாக உள்ளே கல்லாகக் கிடந்த எதுவோ அசைந்தது.

"அவதான்," என்றேன்.

"எம் பொண்ணு தல மேலயா போடப் பாக்குற?"

விரலை எடுத்துவிட்டேன்.

அவர் கோலத்துக்குப் போனார். செம்பை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டார். முகமெல்லாம் கண்ணீர். "வா தாயே. நம்ம ஊட்டுக்குப் போலாம்." திரும்பிப் பார்க்காமல் நடந்தார். ஏரியிலிருந்து வீடுவரை அப்படித்தான் நடக்க வேண்டுமாம்.

ஒன்று... இரண்டு... மூன்றாவது அடி எடுத்து வைத்தார்.

என் முகத்தில் புழுதி வந்து அடித்தது.

ட்ரோன் இறங்கியது. 1.5. 0.8. காலடியில் பூப்போல உட்கார்ந்தது. இறக்கைகள் நின்றன. பேட்டரி 2.

ஹைவே இரைச்சல் திரும்ப வந்தது.

அந்த வீட்டைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வெள்ளம் வந்த வருடத்துக்குப் பிறகு உள்ளே தரையை உயர்த்திவிட்டார்கள். வாசல் நிலை அப்படியே இருக்கிறது. அதனால் வாசல் குட்டையாகிவிட்டது. அந்த வீட்டு ஆட்கள் எல்லோரும் குள்ளம். தலை இடிக்கிற ஒரே ஆள் நான்தான். ஒவ்வொரு முறையும் இடித்துக்கொள்வேன். சௌம்யா ஒவ்வொரு முறையும் சிரிப்பாள்.

அன்று என் மாமியார் செம்போடு உள்ளே நுழைந்தார். அடுத்த நொடி...

'டொக்.'

அவர் திரும்பவில்லை. குரல் மட்டும் வந்தது. இத்தனை மாதமாக இல்லாத இதமான குரல். "குனிஞ்சி வாங்க மாப்ளே."

நான் அப்போது தெருவில், ஆட்டோவிலிருந்து பையை இறக்கிக்கொண்டிருந்தேன். டில்லி என் பக்கத்தில் இருந்தான்.

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

டில்லிக்கும் பானுவுக்கும் கல்யாணம் நல்லபடியாக நடந்தது. மாமியார் என்னை முதல் பந்தியில் உட்காரவைத்துத் தன் கையால் பரிமாறினார். அதற்கு அடுத்த வாரம் ட்ரோனை அம்பத்தூரில் முகமது இஸ்மாயிலிடம் கொண்டுபோனேன். கல்யாண வீடியோக்காரர்களின் ட்ரோன்களைப் பழுது பார்ப்பவர். கடை மாடியில் நாலு தடவை ஏற்றி இறக்கினார். நாலு தடவையும் ஒழுங்காக இறங்கியது.

"ஒரு கொறையும் இல்ல சார்."

"அன்னிக்கு ஏன் இறங்கல?"

"கீழ ஆள் நின்னிருப்பாங்க. எது நின்னாலும் அதுக்கு மேல அர மீட்டர் விட்டு நின்னுடும். சேஃப்டி சார். ஹைட் எவ்ளோ காட்டிச்சி?"

"2.3."

"தரைலேர்ந்து தான?" உள்ளங்கையைத் தன் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினார். "அப்போ ஒண்ணு எட்டு. ஆறடி ஆளு சார்! யாரு அது, பொண்ணு ஊட்டு சொந்தமா?"

சிரித்தார்.

நாலடி பத்தங்குலம். மணைமேல் ஏறி நின்று மாலை போட்டவள்.

படியில் இறங்கும்போதே டில்லிக்குப் போன் போட்டேன். என்ன சொல்வது என்று தெரியாமலே போட்டேன். நான் வாய் திறப்பதற்குள் அவனே பேசினான். குரல் அடங்கியிருந்தது.

"மாமா, நானே பண்ணலாம்னு இருந்தேன். பானு பயப்படுது. ராத்திரியானா நெலைல யாரோ இடிச்சிகினே கீறாங்கனுது. மொதல்ல வாசல்ல கேட்டுச்சாம். அப்புறம் பூஜ ரூம்ல. இப்போ எங்க ரூம் கதவாண்ட கேக்குதாம். அம்மா பானுவத்தான் திட்டுது. 'உன் நாத்தனாதாண்டி நடமாடுறா, பயப்படாத'ன்னுது."

நான் நின்றுவிட்டேன்.

"ஒண்ணு கேக்கவா மாமா? அக்காவுக்கு அந்த நெல எப்பனா இடிச்சிகீதா?"

போனைக் காதோடு அழுத்திப் பிடித்தேன்.  அவனுக்குப் பின்னால், வீட்டுக்குள்ளிருந்து தெளிவாகக் கேட்டது.

'டொக்.'

பிறகு என் மாமியாரின் குரல். கொஞ்சலாக.

"பாத்து வா கண்ணு... இடிச்சிக்காத."