மாமா பிறந்தபோது வைத்த பெயர்

என் மனைவி பிலிப்பைன்ஸ்காரி. மெல்பனில் ஒரு மருத்துவமனையில் தாதியாக வேலை செய்கிறாள். நான் யாழ்ப்பாணத்தான். நாங்கள் கதைப்பது ஆங்கிலத்தில். அவளுடைய மொழியில் எனக்குத் தெரிந்தது சாப்பாட்டுச் சொற்களும், எங்கள் சப்பாத்து, குசினி என்ற சொற்கள் அங்கேயும் கொஞ்சம் மாறி இருக்கின்றன என்பதும்தான்.

அவளுடைய தகப்பன், என் மாமா, கப்பலில் வேலை செய்தவர். அவர் இறந்து ஒரு வருஷம் கழித்து அவள் சொன்னாள்: "அப்பாவுக்குச் சகோதரங்கள் இருந்திருக்க வேணும். ஒருநாளும் சொன்னதில்லை. கண்டுபிடிச்சால் நல்லம்." தாய் அதற்கு முன்பே இறந்துவிட்டாள். கேட்பதற்கு மிச்சம் இருந்தது சிட்னியில், பிளாக்டவுனில் இருக்கும் அவளுடைய சின்னம்மா ஒருவர்தான். ஃபோனில் கேட்டோம். "எனக்கொன்றும் தெரியாது" என்றார்.

நான் தேடித் தருகிறேன் என்று சொன்னேன். வேர்ஹவுஸில் எந்தப் பெட்டி எந்தத் தட்டில் இருக்கிறதென்று கணினியில் தேடுவதுதான் என் தொழில். மூன்று மாதத்தில் முடியும் என்று நினைத்தேன். மூன்று வருஷம் போயிற்று.

மாமாவின் ஊர் பிலிப்பைன்ஸில் பிக்கோல் பக்கத்துச் சிற்றூர். ஸ்பானியர் காலத்தில் ஆளுநர் ஒருவர் குடும்பப் பெயர்களைப் பட்டியல் போட்டு ஊர் ஊராகப் பிரித்துக் கொடுத்தாராம். அந்த ஊருக்குக் கிடைத்த பக்கத்தில் எல்லாப் பெயரும் ஒரே எழுத்தில் தொடங்கின. இன்றைக்கும் அப்படித்தான். உறவுக்காரரும் உறவில்லாதவரும் ஒரே மாதிரி இருந்தார்கள். தகப்பன் பெயரைப் பின்னால் போட்டுக்கொண்டு வளர்ந்த எனக்கு, குடும்பப் பெயரைப் பிடித்துக்கொண்டு போனால் ஆளைப் பிடிக்கலாம் என்ற நம்பிக்கை இருந்தது. முதல் மாதமே அது போயிற்று.

அந்த ஊர்க் கத்தோலிக்கக் கோயிலின் பதிவேடுகளை யாரோ படமெடுத்து இணையத்தில் போட்டிருந்தார்கள். அட்டவணை கிடையாது. வெரிபீயிலிருந்து வேலைக்குப் போகும் ரயிலில் ஒவ்வொரு பக்கமாகத் தள்ளித் தள்ளிப் பார்த்தேன். மங்கிய மை, பாதிரியாரின் சுருட்டைக் கையெழுத்து. எட்டு மாதத்தில் மாமாவின் ஞானஸ்நானப் பதிவு அகப்பட்டது. பெயர், பிறந்த நாள், தாய் தகப்பன் பெயர் எல்லாம் அவருடைய பாஸ்போட்டில் இருந்தபடியே இருந்தன. மனைவி அன்றைக்கு வேலைக்குப் பிந்திப் போனாள். அந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டாள்.

அதற்குப் பிறகு ஒன்றும் அசையவில்லை. கோயிலுக்குக் கடிதம் எழுதினோம், பதில் இல்லை. மனைவி எச்சில் அனுப்பும் டி.என்.ஏ. சோதனை செய்தாள். கலிஃபோர்னியாவில் இருக்கும் தூரத்து உறவுகள் நூற்றுக்கணக்கில் பட்டியலில் வந்தார்கள். அவளும் எழுதினாள், நானும் எழுதினேன். மூன்று பேர் பதில் போட்டார்கள், தங்களுக்கும் ஒன்றும் தெரியாதென்று.

ஒருநாள் மனைவி அடக்கப் பதிவேட்டில் ஒரு வரியைக் காட்டினாள். "இங்கே பாருங்கோ. அப்பாவின்ர பெயர்தான். தாய் தகப்பனும் அதே ஆக்கள். இரண்டு வயசில செத்திருக்கு."

"அந்த ஊரில எல்லாருக்கும் ஒரே பெயர்தானே," என்றேன். "வேற குடும்பமாயிருக்கும். இல்லாட்டி எழுதினவர் பிழை விட்டிருப்பார்."

"இரண்டு குடும்பத்தில தாய் பெயரும் தகப்பன் பெயரும் ஒன்றாய் இருக்குமோ?"

அவள் சொன்னதை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அந்த வரியைத் தள்ளி வைத்துவிட்டு, உயிரோடு வளர்ந்த பிள்ளையின் தடத்தை இன்னுமொரு வருஷம் தேடினேன்.

பிறகு ஒரு கலியாணத்துக்காக சிட்னிக்குப் போனோம். மறுநாள் வென்ட்வேர்த்வில்லில் இடியப்பப் பார்சல் வாங்கிக்கொண்டு சின்னம்மாவின் வீட்டுக்குப் போனோம். சாப்பாடு முடிந்ததும் மனைவி இரண்டு பதிவுகளின் படங்களையும் மேசையில் வைத்தாள். சின்னம்மா கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். அடக்கப் பதிவில் விரலை வைத்தார்.

"இவன்தான் மூத்தவன்," என்றார். "உன்ர அப்பா இல்லை. உன்ர அப்பா கப்பலில சேரப் போனபோது வயசு காணாது. செத்துப்போன தமையனின்ர பிறப்புச் சான்றிதழைக் கொண்டு போனவர். பிறகு அந்தப் பெயரிலேயே இருந்திட்டார்."

பாஸ்போட், கலியாணம், கடைசியில் கல்லறை, எல்லாம் இரண்டு வயதுப் பிள்ளையின் பெயரில்.

"அன்ரி, மூன்று வருஷமாய்க் கேட்கிறோம்," என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. "தெரியாதெண்டு சொன்னீங்கள்."

"ஃபோனில சொல்லுற கதையோ இது? இவளின்ர விசாப் பேப்பரெல்லாம் அந்தப் பெயரிலதானே போனது. பிடிச்சுத் திருப்பி அனுப்பிப் போடுவாங்கள் எண்டு பயந்தன்."

இவள் குடியுரிமை எடுத்து எத்தனையோ வருஷம் என்று சொல்ல வாய் எடுத்தேன். சொல்லவில்லை. என் தாய்மாமன் ஒருவர் இன்னொருவருடைய பாஸ்போட்டில் ஐரோப்பாவுக்குப் போனவர். அங்கே குடியுரிமை கிடைத்த பிறகும் வீட்டு மணி அடித்தால் அவர் கதவைத் திறக்கமாட்டார், மாமியைத்தான் அனுப்புவார்.

"அப்ப அப்பாவின்ர உண்மையான பெயர் என்ன?" மனைவி கேட்டாள்.

"தெரியாது. உன்ர அம்மா 'நொனொய்' என்றுதான் கூப்பிடுவாள். ஊரிலயும் அப்படித்தானாம்."

நொனொய் என்றால் அந்தப் பக்கத்தில் பொடியன் என்று அர்த்தம். எங்கள் வீடுகளில் 'தம்பி' என்று கூப்பிடுவது போல. ஊரில் பாதிப்பேர் நொனொய்.

மெல்பனுக்குத் திரும்பி, மூத்தவனுக்குப் பிறகு அதே தாய் தகப்பனுக்குப் பிறந்தவர்களைத் தேடினேன். இரண்டு பெண்பிள்ளைகள் கிடைத்தார்கள். மாமா பிறந்திருக்க வேண்டிய வருஷங்களின் பக்கங்களைப் பூச்சி அரித்திருந்தது. ஓரிடத்தில் தகப்பனின் பெயர் தெரிந்தது. பிள்ளையின் பெயர் இருந்த இடத்தில் ஓட்டை. திரையைப் பெருப்பித்துப் பெருப்பித்துப் பார்த்தேன். மடிக்கணினியை நான் அறைந்து மூடிய சத்தத்தில் மனைவி வந்து எட்டிப் பார்த்தாள்.

"விடுங்கோ," என்றாள்.

"இவ்வளவு தூரம் வந்திட்டு எப்பிடி விடுறது?"

"நான் சகோதரங்களைத்தான் தேடச் சொன்னனான். பெயரை இல்லை."

அவள் தானே கோயிலுக்குத் திரும்ப எழுதினாள். இந்த முறை பதிவு ஒன்றும் கேட்கவில்லை. அந்தப் பெண்பிள்ளைகள் இருவரின் பெயரையும் எழுதி, யாரும் இருக்கிறார்களா என்று மட்டும் கேட்டாள். நாலு மாதம் கழித்து, கோயில் அலுவலகத்தில் வேலை செய்யும் பெண்ணிடமிருந்து இரண்டு வரி வந்தது. இளையவர் இருக்கிறார், பேத்தியின் ஃபோன் நம்பர் இது.

ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் அழைத்தோம். மெலிந்த முகம், மாமாவின் அதே அகன்ற நெற்றி. மனைவியைப் பார்த்ததும் அவர் திரையைத் தடவினார். பிறகு இருவரும் அழுதார்கள், சிரித்தார்கள், ஒரே நேரத்தில் கதைத்தார்கள். எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. அரை மணித்தியாலம் பொறுத்துவிட்டு மனைவியின் தோளைத் தட்டினேன்.

"பெயரைக் கேளும்."

கேட்டாள். கிழவி யோசித்தார். தான் சின்னப்பிள்ளையாக இருக்கும்போதே அண்ணன் கப்பலுக்குப் போய்விட்டாராம். வீட்டில் எல்லாரும் கூப்பிட்டது நொனொய்.

"பள்ளிக்கூடத்தில? கோயிலில? ஞானத்தாய் யார் என்று கேளும்."

மனைவி ஃபோனை என் பக்கத்திலிருந்து திருப்பிப் பிடித்துக்கொண்டு கதையைத் தொடர்ந்தாள்.

இப்போது ஒவ்வொரு ஞாயிறும் கதைக்கிறார்கள். வருகிற வருஷம் போய்ப் பார்ப்பதாக இருக்கிறது. நான் இன்னும் ரயிலில் அந்தப் பதிவேட்டைத் திறக்கிறேன். போன கிழமையும் பெயரைக் கேட்கச் சொன்னேன். அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், குசினியில் கோப்பைகள் கிடக்கின்றன, போய்க் கழுவுங்கோ என்றாள்.