அவர் கொடுக்காத வாக்கு

எங்கள் தொகுதி எம்.பி. பேச்சு மாறுவதில் மகா கெட்டிக்காரர். எழுபதுகளின் தொடக்கத்தில் நாங்கள் இலங்கையிலிருந்து சிட்னியில் பென்டில் ஹில்லுக்குக் குடிவந்தபோது, இந்த நாடு இப்போதுள்ள முகத்தோடேயே இருக்க வேண்டும் என்று மேடையில் முழங்கிக்கொண்டிருந்தார். வெள்ளையருக்கு மட்டும் என்ற கொள்கை போனதும், அதே மண்டபத்தில் எல்லோரும் வாருங்கள் என்று கையை விரித்தார். வியட்நாமுக்குப் பிள்ளைகளை அனுப்புவது கடமை என்றவரும் அவர்தான், அது பெரும் பிழை என்று பிறகு கண் கலங்கியவரும் அவர்தான். பத்திரிகைகள் அவரைக் கிழி கிழி என்று கிழித்தன. மனிதர் அசைந்தால்தானே!

நான் அவருடைய ஆள். தேர்தல் நாளில் பள்ளிக்கூட வாசலில் நின்று அவருக்காகத் துண்டுப் பிரசுரம் கொடுத்தவள். காரணம் கேட்டால் வெட்கமாக இருக்கிறது. ஒரு கூட்டத்தில் என் கையைக் குலுக்கி, என் நீண்ட பெயரைப் பிழையில்லாமல் முழுதாகச் சொன்னார். வேலையிடத்தில் எல்லோரும் என் பெயரைப் பாதியாக வெட்டிக் கூப்பிட்ட காலம் அது. அந்த ஒன்றிலேயே விழுந்துவிட்டேன்.

“இஞ்சேரும், உம்மட ஆள் இண்டைக்கு எந்தப் பக்கம்?” என்று என் கணவர் ரேடியோவைத் திருகிக்கொண்டே கேட்பார்.

“மனிசர் திருந்தக் கூடாதோ? சும்மா இருங்கோ!” என்று எரிந்து விழுவேன்.

அடுத்த தெருவில் ஓர் அக்கா இருந்தார். ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கும் பகுதியில் வேலை. தாய் தகப்பன் இல்லை. ஒரே தங்கை இலங்கையின் தெற்கே ஒரு சிங்களப் பட்டினத்தில், தமிழ்ப் பள்ளிக்கூடம் ஒன்றில் படிப்பித்துக்கொண்டு தனியாக இருந்தாள். அவளை எப்படியாவது இங்கே கூப்பிட்டுவிட வேண்டும் என்பதே அக்காவின் மூச்சு. கூடப்பிறந்தவர்களைக் கூப்பிட அப்போது வழி இருந்தது. ஆனால் ஒருமுறை மறுத்துவிட்டால் பிறகு கதவே திறக்காது என்று ஆட்கள் பயமுறுத்தியிருந்தார்கள். எப்போது விண்ணப்பிப்பது நல்லது என்று எம்.பி.யிடம் கேட்டுச் சொல்லும்படி என்னைக் கெஞ்சினார்.

“அதுக்கென்ன அக்கா, வீட்டுக்கே கூப்பிட்டுக் கேக்கிறன்” என்றேன். பெரிய ஆள் என்ற எடுப்புத்தான்.

தேர்தலுக்கு முந்திய ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் மதியச் சாப்பாட்டுக்கு வந்தார். அக்கம்பக்கத்துத் தோட்டங்களில் கேட்டுப் பறித்த ரோசாப்பூக்களில் மாலை கட்டிப் போட்டோம். அக்கா காலையிலிருந்து என் குசினியில் வடை சுட்டார். எம்.பி. ரசித்துச் சாப்பிட்டார். இரண்டாம் முறையும் சோறு கேட்டு வாங்கினார். எனக்கோ வாய் திறக்கவில்லை. சோற்றில் கை வைத்திருக்கிற மனிதரிடம் காரியம் பேசுவது எங்கள் ஆட்களிடம் இல்லாத பழக்கம். சாப்பாடு போட்டுக் கூலி கேட்பது மாதிரி ஆகிவிடாதா? கை கழுவட்டும், கதிரையில் சாய்ந்து உட்காரட்டும், கேட்கலாம் என்று காத்திருந்தேன். இந்த ஊர்க்காரர்கள் காரியம் பேசுவதற்கென்றே சாப்பிட உட்காருகிறவர்கள் என்பது எனக்கு உறைக்கவில்லை. அவர் கை துடைத்தார், மணிக்கூட்டைப் பார்த்தார், எல்லோருக்கும் நன்றி சொல்லிவிட்டுக் காரில் ஏறிப் போய்விட்டார்.

நான் குசினிக்குள் திரும்பி வந்தேன். எண்ணெய்ப் பிசுக்கு முகத்தோடு அக்கா நிமிர்ந்தார்.

“கேட்டனீரோ?”

இல்லை அக்கா, வாய் வரவில்லை என்று சொல்ல எத்தனை நேரம் பிடிக்கும்? அந்தக் குசினியில் நான் பெரிய ஆளாக நின்றேன். அந்தப் பெருமையை இழக்க மனம் வரவில்லை, பாவி எனக்கு.

“ஓம் அக்கா. எலெக்சன் முடிய லேசாகுமாம். அதுவரைக்கும் பொறுக்கச் சொன்னவர்.”

அவர் மேடையில் பேசுவதெல்லாம் அப்படித்தானே இருக்கிறது, பொய்யானாலும் உண்மையாகிவிடும் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். அக்கா என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அப்போதாவது சொல்லியிருக்கலாம்.

தேர்தலில் அவர் வென்றார். சில மாதங்களில் தொழிற்சாலைகளில் ஆட்குறைப்புத் தொடங்கியது. கூடப்பிறந்தவர்களைக் கூப்பிடும் விதி இறுகிவிட்டது. முதலில் இங்கே இருப்பவர்களுக்கு வேலை, பிறகுதான் மற்றவர்கள் என்று எங்கள் ஆள்தான் ரேடியோவில் அதற்கு வக்காலத்து வாங்கினார்.

“உமக்கு வாக்குத் தந்தவர்தானே, வாரும் போய்க் கேப்பம்” என்றார் அக்கா. தடுக்க ஒரு சாட்டும் வரவில்லை. கடைத்தெருவில் இருந்த அவருடைய அலுவலகத்துக்குப் போனோம். அக்கா தன் ஆங்கிலத்தில் நேரே கேட்டார்: தேர்தல் முடியும்வரை காத்திருக்கச் சொன்னீர்கள், காத்திருந்தேன், இப்போது என் தங்கையின் கதி என்ன?

தான் அப்படிச் சொல்லவேயில்லை என்று அவர் சொல்லப்போகிறார், எல்லாம் இத்தோடு முடிந்தது என்று நின்றேன். உண்மையில் அதற்காக ஆசைப்பட்டேன் என்றுகூடச் சொல்லலாம்.

அவர் ஒரு கணமும் யோசிக்கவில்லை.

“நன்றாக நினைவிருக்கிறது அம்மா. அப்போது நம்பித்தான் சொன்னேன். நிலைமை மாறிவிட்டது” என்றார், அவருக்கே உரிய அந்தக் கவலை முகத்தோடு.

கடவுளே! கொடுத்த வாக்குகளை மீறி மீறி, கொடுக்காததையும் தன் கணக்கில் எழுதிக்கொள்ளும் அளவுக்கு அவருக்குப் பழகிப்போயிருந்தது. நான் தப்பித்தேன். வெளியே வந்ததும் அக்கா நடைபாதையில் நின்று அழுதார். நான் அவர் முதுகைத் தடவிக்கொண்டு நின்றேன்.

எழுபத்தேழில் இலங்கையில் தமிழருக்கு எதிராகக் கலவரம் வந்தது. தங்கை இருந்த வீட்டை எரித்தார்கள். முகாமில் கிடந்து, உடுத்த சேலையோடு கப்பலில் யாழ்ப்பாணம் போய்ச் சேர்ந்தாள். செய்தி எங்களுக்கு வரும்வரை அக்கா சோறு தொடவில்லை. உயிர் மிஞ்சியது. ஆனால் பிறகு அவள் வகுப்பறைக்குள் போகவுமில்லை, இங்கே வரவுமில்லை.

அந்த வருடக் கடைசியில் மறுபடி தேர்தல். அக்கா வீட்டு டி.வி.யில் எங்கள் எம்.பி. தோன்றி, குடும்பங்கள் ஒன்றுசேர வேண்டும் என்று உருகினார்.

“பொய்யன்! என்ர தங்கச்சியின்ர வாழ்க்கையைத் திண்ட பொய்யன்! நீர் பாவம், எனக்காக அவனிட்ட எவ்வளவு கெஞ்சியிருப்பீர்” என்று அக்கா என் பக்கம் திரும்பினார்.

அந்த மனிதர் ஆயிரம் சொல்லி மாறியவர். இந்த ஒன்றை மட்டும் அவர் சொல்லவில்லை.

“ஓம் அக்கா, பொய்யன்தான்” என்றேன்.